கரைக்கடலும் பெருங்கடலும்: சிந்தாதிரிப்பேட்டையில் வாழ்ந்த இரு குடும்பங்கள்

சிந்தாதிரிப்பேட்டையில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. கூவம் ஆறு மூன்று பக்கமும் வளைத்துக் கிடக்க, நடுவே ஒரு தீவைப் போல அமைந்த பேட்டை இது. ஆயினும் இப்பேட்டை பிறந்ததே கடலுக்காகத்தான். 1734ஆம் ஆண்டில், ஜார்ஜ் மார்ட்டன் பிட் சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்த காலத்தில், சுங்குராமச் செட்டியாரின் தோட்டமாக இருந்த நிலத்தில், நூற்போரையும் நெய்வோரையும் சாயம் தீட்டுவோரையும் சலவை செய்வோரையும் குடியேற்றிக் கும்பினியார் இவ்வூரை உண்டாக்கினர். சின்னத்தறிப்பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை என மருவியது என்பர். இங்கே நெய்த துணி கரைக்குச் சென்று, படகேறி, கப்பலேறி, நன்னம்பிக்கை முனையைச் சுற்றி இலண்டன் போய்ச் சேர்ந்தது. தறியில் இருந்தவன் கடலைக் காணவில்லை. அவன் நெய்த துணி கண்டது.

ஏறத்தாழ நூறாண்டு கழித்து, 1836ஆம் ஆண்டில், கடல் வழியாகவே இரண்டு குடும்பங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்தன. ஒன்று மருத்துவர் ஜான் ஸ்கடரின் குடும்பம். மற்றொன்று மைரன் வின்சுலோவின் குடும்பம். இருவரும் அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள். சென்னையில் அம்மிஷனுக்கு இராயபுரத்தில் ஒரு நிலையமும் இப்பேட்டையில் ஒரு நிலையமும் அமைந்தன. ஸ்கடர் இங்கே மருத்துவமும் சமயப் பரப்புரையும் செய்தார். பின்னர் வின்சுலோ நெடுங்காலம் பணியாற்றியதும் இங்கேதான். வின்சுலோ என்ற பெயர் தமிழ் கற்றோர்க்குப் புதியதன்று. 1862இல் வெளிவந்த தமிழ் ஆங்கிலப் பேரகராதியால் அவரை நாம் அறிவோம். ஆனால் அந்த அகராதியின் பின்னே ஒரு கடற்கதை இருக்கிறது. அதைப் பேசுவோர் மிகக் குறைவு.

கடல் கடந்து செல்லும் செலவு மகளிரோடு இல்லை என்பது தொல்காப்பியர் வகுத்த மரபு. இளம்பூரணர் அந்நூற்பாவில் வரும் முந்நீர் என்ற சொல்லுக்குக் கடல் என்றே பொருள் கொண்டார். நச்சினார்க்கினியரோ ஓதல், தூது, பொருள் என்னும் மூன்று நீர்மை என்று பிரித்துக் காட்டினார். உரை வேறுபாடு எப்படியாயினும், மரக்கலம் ஏறுபவன் தனியனாகவே ஏறினான், மனைவி கரையில் நின்றாள் என்பதே நம் இலக்கியம் காட்டும் காட்சி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்காட்சி மாறியது. தாயும் தந்தையும் கைக்குழந்தையும் ஒரே கலத்தில் ஏறிய காலம் அது. அவ்வாறு ஏறியவர்கள் வெள்ளையர் மட்டும் அல்லர் என்பதைப் பின்னர்க் காண்போம்.

1819ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் துறையிலிருந்து 'இண்டஸ்' என்ற கப்பல் புறப்பட்டது. வின்சுலோ, ஸ்கடர், ஸ்பால்டிங், உட்வர்டு ஆகிய நால்வரும் தத்தம் மனைவியருடன் அதில் இருந்தனர். ஸ்கடர் நியூயார்க்கில் நல்ல வருவாயோடு மருத்துவம் பார்த்து வந்தவர். ஒரு நோயாளியின் வீட்டில் கிடைத்த சிறு நூல் ஒன்றைப் படித்து, தொழிலை உதறிவிட்டுக் கப்பலேறினார். மனைவி ஹாரியட்டும் ஒரு பெண் குழந்தையும் உடன் வந்தனர். கப்பல் கல்கத்தாவை அடைந்த சில நாள்களில் அக்குழந்தை நோயுற்று இறந்தது. பெருங்கடலைக் கடந்துவிட்ட குழந்தையைக் கரை கொண்டுவிட்டது. எஞ்சியோர் அங்கிருந்து தெற்கே வங்கக்கடலில் இலங்கை நோக்கிச் சென்றனர். ஸ்கடர் பண்டத்தரிப்பிலும் வின்சுலோ உடுவிலிலும் குடியமர்ந்தனர். வின்சுலோவின் மனைவி பெயரும் ஹாரியட்டே. 1824இல் உடுவிலில் பெண்களுக்கான உறைவிடப் பள்ளியைத் தொடங்கியவர் அவர். யாழ்ப்பாணத்துப் பெண்கல்வி வரலாற்றை எழுதுவோர் எவரும் அந்த அம்மையாரை விட்டுவிட்டு எழுத முடியாது.

இக்குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள் யாழ்ப்பாணத் தமிழ் ஒலிக்கும் சூழலில் வளர்ந்தனர். அதுவே பெற்றோருக்குக் கவலையாயிற்று. வெப்பநாட்டு நோய்கள் ஒருபுறம். தம் நாட்டுக் கல்வியும் பழக்கமும் இல்லாமல் போய்விடுமே என்ற அச்சம் மறுபுறம். ஆகவே பத்து வயதை எட்டும் பிள்ளைகளைத் தாய்நாட்டுக்குக் கப்பலேற்றி உறவினரிடம் விடுவது வழக்கமாயிற்று. ஸ்கடரின் மகன் ஹென்றி பண்டத்தரிப்பில் 1822இல் பிறந்தவன்; பத்து வயதில் அனுப்பப்பட்டான். வின்சுலோவின் மகன் சார்லசும் அவ்வாறே அனுப்பப்பட்டவன். அவன் 1832இல், பதினோரு வயதில், அமெரிக்காவிலேயே இறந்தான். அஞ்சல் கப்பலுக்கு நான்கைந்து திங்கள் பிடிக்கும் காலம் அது. மகன் மண்ணில் புதைந்த பின்னும் பல வாரங்கள் உடுவிலில் அவனுக்காக வேண்டுதல் நடந்திருக்கும். மறு ஆண்டு, 1833 ஜனவரியில், தாய் ஹாரியட்டும் உடுவிலில் காலமானார். தாயற்ற பெண் மக்களை அழைத்துக்கொண்டு வின்சுலோ அதே ஆண்டில் அமெரிக்கா சென்றார். அவர்களை அங்கே விட்டுவிட்டுத் திரும்பி வந்துதான் 1836இல் சென்னைப் பணியைத் தொடங்கினார்.

இந்தப் பயணங்களில் பெருங்கடலைப் பற்றிப் பேசுவோர் உண்டு. கரைக்கடலைப் பற்றிப் பேசுவோர் இல்லை. யாழ்ப்பாணத்தின் கடல் ஆழமற்றது. பாக்குநீரிணையில் மணல்திட்டுகளும் பவளப்பாறைகளும் மிகுதி. அட்லாண்டிக்கைக் கடந்து வரும் பெருங்கலங்கள் அங்கே நுழைய இயலாது. எனவே யாழ்ப்பாணத்திலிருந்து உலகத்திற்குப் புறப்படும் எவரும் முதலில் தோணியேற வேண்டும். தெற்கே கொழும்புக்கோ காலிக்கோ செல்ல வேண்டும். அல்லது வடக்கே சோழமண்டலக் கரையை ஒட்டிச் சென்னைக்குச் செல்ல வேண்டும். பருத்தித்துறைக்கும் சென்னைக்கும் இடையே கடல்வழி இருநூறு மைலுக்கு மேல். கோடிக்கரையைக் கண்டு, நாகப்பட்டினம், காரைக்கால், தரங்கம்பாடி, கடலூர், புதுச்சேரி என்று கரையின் கோபுரங்களையும் கொடிமரங்களையும் அடையாளம் வைத்துக்கொண்டு தண்டையல்மார் கலத்தைச் செலுத்தினர்.

இக்கரையில் காலத்தைக் காற்றுதான் கணக்கிட்டது. சோளகம் தெற்கிலிருந்து எழும்போது வடக்கே போகும் தோணிகள் பாய் விரிக்கும். வாடை எழுந்தால் வடக்கேயிருந்து யாழ்ப்பாணத்துக்குத் திரும்பும். கச்சான் மேற்கிலிருந்தும் கொண்டல் கிழக்கிலிருந்தும் வரும். பஞ்சாங்கம் தெரியாத கடலோடிக்கும் இந்நான்கும் தெரியும். யாழ்ப்பாணத்துப் புகையிலையும் பனைமரமும் ஏற்றிச் சென்ற தோணிகள் எதிர்க்கரையிலிருந்து நெல்லும் அரிசியும் கொண்டுவந்தன. அச்சரக்குகளோடு சரக்காக வெள்ளைக்காரக் குடும்பங்களும் ஏறின. நல்ல காற்றில் சில நாள். காற்று மாறினால் எத்தனை நாள் என்பது எவருக்கும் தெரியாது. பெருங்கப்பலில் அறை உண்டு, மருந்துண்டு, மாலுமிப் பட்டாளம் உண்டு. தோணியில் வெயிலுக்கு ஓலைக் கூரையும் குடிக்கப் பானை நீருமே துணை. எனினும் தோணியில் ஒரு நன்மை இருந்தது. இடப்பக்கம் எப்போதும் கரை தெரிந்தது. அமெரிக்கா செல்லும் பிள்ளைகள் தாம் பிறந்த தமிழ்நிலத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டே போக வாய்த்தது அக்கரைக்கடலில்தான்.

சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. முதல் இரும்புப் பாலம் 1861இல்தான் வந்தது. துறைமுகச் சுவர்கள் அதற்கும் பின்னர். கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். இடையே வரிசை வரிசையாகப் புரளும் அலைகளைத் தாண்டிச் செல்ல மசூலாப் படகு ஒன்றே வழி. ஆணி ஒன்றும் அறையாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகு அது. அலை மோதினால் உடையாது, நெளிந்து கொடுக்கும். கட்டுமரக்காரன் ஓலைத் தொப்பிக்குள் கடிதங்களைச் செருகிக்கொண்டு அலையைப் பிளந்து செல்வான். ஐரோப்பியர் எழுதிய பயணக் குறிப்புகளில் சென்னையின் அலைக்கு ஒரு பக்கமாவது இல்லாமல் இராது. அப்படகோட்டிகளின் பெயர் மட்டும் எந்தக் குறிப்பிலும் இராது. அக்டோபர் 15ஆம் நாள் கோட்டைக் கொடிமரத்தில் கொடி இறங்கும். டிசம்பர் 15 வரை ஏறாது. வடகிழக்குப் பருவக்காற்றின் புயல்களுக்கு அஞ்சிக் கப்பல்கள் துறையை விட்டு விலகும் காலம் அது. தென்னாட்டிலிருந்து தோணியில் வந்து சேர்ந்த குடும்பம் காலம் தப்பினால், கொடி ஏறும்வரை சென்னையில் காத்திருக்க வேண்டியதுதான்.

அக்காத்திருப்பின் ஊராகவே மிஷன் குடும்பங்களின் சிந்தாதிரிப்பேட்டையை நான் எண்ணிப் பார்க்கிறேன். ஸ்கடர் ஐந்தாறு ஆண்டுகள் இங்கே உழைத்து உடல் நலிந்து, 1842இல் குடும்பத்தோடு அமெரிக்கா சென்று, நான்காண்டுகள் ஊர் ஊராகச் சென்று சிறுவர் கூட்டங்களில் பேசினார். அமெரிக்கச் சிறுவர்களுக்கென்று அவர் எழுதிய நூல்கள் பல பதிப்புகள் கண்டன. நம் வழிபாட்டையும் பழக்கங்களையும் அவர் அவற்றில் எழுதியிருக்கும் முறை தமிழர் எவரையும் முகம் சுளிக்க வைக்கும், அதை மறைப்பதற்கில்லை. ஆயினும், தம் பிள்ளைகளைப் பெருங்கடலுக்கு அப்பால் விட்டுவிட்ட ஒருவர், பிறர் பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார் என்பதை எண்ணும்போது அந்நூல்கள் வேறுவிதமாகவும் படிக்கக் கிடக்கின்றன. பத்து வயதில் போன ஹென்றி 1844இல் தாமே மிஷனரியாகச் சென்னைக்குத் திரும்பினார். ஸ்கடரின் மக்களில் எழுவர் அவ்வாறே திரும்பினர். 1853இல் ஆர்க்காட்டு மிஷன் அவர்களால் எழுந்தது. வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடர் அக்குடும்பத்தின் பேத்தி.

வின்சுலோவின் வாழ்வில் இழப்புகள் அடுக்கடுக்காக வந்தன. நான்கு மனைவியரை அவர் சாகக் கொடுத்தார். பிள்ளைகள் கடலுக்கு அப்பால். எஞ்சியது சொற்கள். யாழ்ப்பாணத்தில் நைட் பாதிரியார் சொற்களைத் தொகுக்கத் தொடங்கியிருந்தார். மானிப்பாயில் 1842இல் சந்திரசேகர பண்டிதரின் தமிழ் அகராதி அச்சேறியது. அதில் ஐம்பத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள். இத்திரட்டுகளையெல்லாம் அடிப்படையாகக் கொண்டு, இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சென்னையில் இருந்து வின்சுலோ தம் பேரகராதியை உருவாக்கினார். 1862இல் அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் அதனை அச்சிட்டு வெளியிட்டார். அறுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இராமாநுச கவிராயரும் விசாகப்பெருமாள் ஐயரும் போன்ற புலவர் பெருமக்கள் இல்லாமல் அவ்வகராதி இல்லை. துரு ஐயரின் திருக்குறள் பதிப்பிலும் உழைத்தவர் இராமாநுச கவிராயர். 1853இல் மறைந்த அவர், தம் உழைப்பு அச்சேறியதைக் காணவில்லை. இன்று அந்நூலை வின்சுலோ என்று ஒரே பெயரால் சுட்டுகிறோம். அது சுருக்கத்தின் பொருட்டு என்றால் சரி. கவிராயரை மறந்துவிட்டதனால் என்றால் அந்தப் பழி நம்மைச் சேர்ந்தது.

யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர் தொகுத்த அகராதி ஆதலால் ஈழத்துச் சொற்கள் அதில் நிறைய ஏறின. ஏட்டில் இல்லாத, கரையோரத்து வாய்ச்சொற்களும் அச்சுக்கு வந்தன. தோணியில் வந்த சரக்குகளில் இன்றும் கெடாமல் இருப்பது அதுவே. அதே கடல்வழியில் தமிழின் பிற செல்வங்களும் அங்குமிங்கும் சென்றன. 1849இல் ஆறுமுக நாவலர் சென்னை வந்து அச்சுப்பொறி வாங்கிக்கொண்டு யாழ்ப்பாணம் திரும்பினார். சி. வை. தாமோதரம் பிள்ளை 'தினவர்த்தமானி' இதழின் ஆசிரியராக வந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான அவரும் விசுவநாத பிள்ளையும் இக்கடலைக் கடந்து வந்தவர்களே. அமெரிக்க மிஷனை எதிர்த்தவர், மிஷன் பள்ளியில் படித்தவர், மிஷனையே நடத்தியவர் என்று எல்லார்க்கும் காற்று ஒன்றுதான். சோளகம் மதம் பார்த்து வீசவில்லை.

உடுவிலில் 1829இல் பிறந்து, தாயை இழந்து, சிறு குழந்தையாகத் தந்தையோடு கடல் கடந்த வின்சுலோவின் மகளுக்கும் ஹாரியட் என்றே பெயர். அவர் 1848இல் ஜான் வெல்ஷ் டல்லஸ் என்ற இளம் மிஷனரியை மணந்து, கணவரோடு பாஸ்டனில் கப்பலேறி 1849இல் சென்னைக்கு வந்தார். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழித்து மகளும் தந்தையும் ஒரே ஊரில் இருக்க வாய்த்தது. அதுவும் நெடுநாள் நீடிக்கவில்லை. சில ஆண்டுகளில் கணவர் உடல் நலிந்து திரும்ப நேர்ந்தது. மகள் மூன்றாம் முறையாகப் பெருங்கடலைக் கடந்தார். 1950களில் அமெரிக்க வெளியுறவுச் செயலாளராக இருந்த ஜான் ஃபாஸ்டர் டல்லசும், உளவுத்துறைத் தலைவராக இருந்த ஆலன் டல்லசும் இந்த ஹாரியட்டின் மகன் வயிற்றுப் பேரர்கள். பாட்டி யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்பது, அக்காலத்தில் டல்லசின் கொள்கைகளைக் கண்டித்து நம் மேடைகளில் முழங்கியோரில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ!

வின்சுலோவின் அகராதி அச்சில் இருந்த அதே ஆண்டுகளில், அதே சென்னைக் கரையில், அதே மசூலாப் படகுகளில் வேறு குடும்பங்களும் ஏறின. 1834 முதல் மொரீசியசுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் சென்றனர். பிறகு மேற்கிந்தியத் தீவுகளுக்கு. 1860 அக்டோபரில், கொடி இறங்கும் நாளுக்குச் சற்று முன்னர், 'துரூரோ' என்ற கப்பல் சென்னையை விட்டு நீங்கியது. ஆடவரும் மகளிரும் குழந்தைகளுமாக 342 பேர் அதில் இருந்தனர். நவம்பர் 16ஆம் நாள் அது நேட்டாலின் டர்பன் துறையை அடைந்தது. தென்னாப்பிரிக்கத் தமிழர் வரலாறு அந்நாளிலிருந்தே கணக்கிடப்படுகிறது.

இக்குடும்பங்களுக்கும் கரைக்கடல் ஒன்று இருந்தது. அது தரையாய் இருந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் உள்ளூர்களிலிருந்தும் ஆள்பிடிக்கும் தரகரோடு நடந்து வந்து, கூலி முகாமில் கப்பலுக்காகக் காத்திருந்தது அவர்களின் முதற்பயணம். அலையையே கண்டறியாதவர் பலர். ஹாரியட் வின்சுலோவுக்குக் கணவர் எழுதிய வாழ்க்கை வரலாறு 1835இல் நூலாக வந்தது. மகன் எந்த நாள் இறந்தான், மனைவி கடைசியாக என்ன பேசினாள் என்பதெல்லாம் அச்சில் நிற்கின்றன. துரூரோவில் ஏறிய தாய்க்கு நிற்பது கப்பல் பதிவேட்டில் ஒரு வரி: ஓர் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஊர், உடலில் உள்ள அடையாளம். ஆங்கில எழுத்தனின் காதில் விழுந்தபடி சிதைந்த பெயர்கள் அவை. இன்று தென்னாப்பிரிக்காவிலிருந்து தம் முன்னோர் ஊரைத் தேடி வருவோர் அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். ஊர்ப் பெயர் சிதைந்திருந்தால் தேடல் அங்கேயே நின்றுவிடுகிறது. பிள்ளைகளைக் கப்பலேற்றிப் பிரிந்த துயரில் இரு சாராருக்கும் வேறுபாடில்லை. எழுதத் தெரிந்தவர் துயரம் ஏடாயிற்று. எழுதத் தெரியாதவர் துயரம் எண்ணாயிற்று.

இவ்விரு கடற்பாதைகளும் ஆப்பிரிக்காவின் தென்கரையில் சந்தித்தன. மனைவியை 1849இல் சென்னையில் அடக்கம் செய்த ஸ்கடர், உடல்நலம் தேடி நன்னம்பிக்கை முனைக்குச் சென்று, 1855 ஜனவரி 13ஆம் நாள் அங்கே வைன்பர்க் என்னும் ஊரில் இறந்தார். அகராதியை முடித்த வின்சுலோ 1864இல் சென்னையை விட்டுத் தாய்நாடு புறப்பட்டார். அவரும் அமெரிக்காவைக் காணவில்லை. அக்டோபர் 22ஆம் நாள் அதே நன்னம்பிக்கை முனையில் காலமானார். சிந்தாதிரிப்பேட்டையில் உழைத்த இருவரும், பத்தாண்டு இடைவெளியில், பாதிக் கடலில் நின்றுவிட்டனர். தமிழ்க் கூலிக் குடும்பங்கள் கரும்புத் தோட்டங்களில் குடியேறிக்கொண்டிருந்த நேட்டால் அங்கிருந்து கிழக்கே, அதே கரையில்.

1866இல் அமெரிக்கர் சென்னைப் பணியை மூடி அச்சகத்தை விற்றனர். அகராதியை அச்சிட்ட ஹண்ட் சீனாவின் பீக்கிங் நகருக்குச் சென்று அங்கும் அச்சகம் நடத்தினார். பேட்டையிலிருந்த சீயோன் ஆலயத்தில் சத்தியநாதன் என்ற தமிழரே போதகரானார். 1869இல் சூயசுக் கால்வாய் திறந்தபின் நீராவிக் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றுவதை விட்டுவிட்டன; நான்கைந்து திங்கள் பயணம் சில வாரங்களாகச் சுருங்கியது.

வின்சுலோவைத் திருத்திப் பதிப்பிக்கலாம் என்று எழுந்த எண்ணமே வளர்ந்து, 1913இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதிப் பணியாயிற்று. அதன் முதற் பதிப்பாசிரியராக அமர்ந்தவரும் ஓர் அமெரிக்க மிஷனரியே, மதுரைச் சாண்ட்லர். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக அப்பேரகராதி வெளிவந்தது. அதில் யாழ்ப்பாண வழக்குச் சொல் என்றால் 'ஜே' என்று ஒரு குறி இருக்கும். வின்சுலோவிலிருந்து எடுத்த சொல் என்றால் 'டபிள்யூ' என்று ஒரு குறி இருக்கும். இவ்விரண்டு எழுத்துகளும் அருகருகே நிற்கும் பதிவுகள் ஆறு தொகுதிகளிலும் எங்கெங்கும் உள்ளன.